வலியோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

2023 ஜனவரி 16, திங்கட்கிழமை காலை. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்து லா மத்தலேனா மருத்துவமனையைக் காவல் படையினர் சுற்றி வளைத்தார்கள். முப்பது ஆண்டுகளாகத் தலைமறைவாக இருந்த மாஃபியாத் தலைவன் மத்தேயோ மெஸ்ஸினா தெனாரோ, வேறொருவர் பெயரில் பெருங்குடல் புற்றுக்குச் சிகிச்சை பெற வந்த இடத்தில் பிடிபட்டான். உலகப் பத்திரிகைகள் எல்லாம் மறுநாள் அந்த மருத்துவமனையின் பெயரை அச்சிட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று அவன் அந்தப் புற்றாலேயே இறந்தான். செய்தி அத்தோடு முடிந்தது.

புற்றுநோய் மருத்துவர்களுக்கு லா மத்தலேனாவின் பெயர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பழக்கம். அங்கே வலி நிவாரணம், தணிப்புச் சிகிச்சைப் பிரிவை நடத்தியவர் டாக்டர் செபஸ்தியானோ மெர்க்கதாந்தே. வயிற்றுப் புற்று முற்றிக் குடல் அடைபட்டவருக்கு, கத்தி வைக்க வழியில்லாத நிலையில், என்ன செய்வது? கணையப் புற்றின் முதுகைத் துளைக்கும் வலியை எப்படி அடக்குவது? மற்றவர்கள் அதிகம் திரும்பிப் பார்க்காத காலத்தில் இந்தக் கேள்விகளைக் கையில் எடுத்து ஆராய்ந்தவர் அவர். விடைகள் கிடைத்தன. மருத்துவ நூல்களிலும் சிகிச்சை நெறிமுறைகளிலும் ஏறின. முப்பது ஆண்டுகளாக அவை நம் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் நம் ஊர்களில் இன்றும் வயிற்றுப் புற்றுக்காரர்கள் வாந்தியெடுத்தபடி, வலியில் துடித்தபடி சாகிறார்கள். இது இனியும் பொறுக்கக்கூடியது அல்ல.

ஒரு வீட்டைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய நெசவாளி. பெருங்குடல் புற்றுக்கு அறுவை நடந்தது, கீமோவும் முடிந்தது. எட்டு மாதம் கழித்து வயிறு உப்பத் தொடங்கியது. மருத்துவமனையில் மூக்கு வழியே குழாய் விட்டார்கள், ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். நான்காம் நாள், “இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா, வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகின் மேல் தலையணையை வைத்து, அதைக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் நீல நிறப் பேசினை ஏந்தி நின்றார். அரை மணிக்கு ஒருமுறை பச்சையாக வாந்தி. மகன் நள்ளிரவில் டாக்டர் சீட்டோடு கடை கடையாக ஓடினான். ஒரே பதில்தான்: “அந்த மாத்திரை எங்ககிட்ட வராது தம்பி.” பதினோரு நாள் இப்படியே கழிந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டியதாயிற்று.

அவரைப் புற்று கொன்றது, அதைத் தடுத்திருக்க முடியாமல் போயிருக்கலாம். அந்தப் பதினோரு நாள் வேதனையைத் தடுத்திருக்க முடியும்.

குடல் அடைபடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது எளிதாகப் புரியக்கூடியதே. நாம் குடிக்கும் நீர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலின் சொந்தச் சுரப்பு எல்லாமாக நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது லிட்டர் திரவம் உணவுப்பாதையில் இறங்குகிறது. ஏறக்குறைய அத்தனையையும் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வழி அடைபட்டால் திரவம் தேங்குகிறது. தேக்கத்தால் குடல் விரிகிறது. விரிந்த குடல் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அது மேலும் விரிகிறது. அடைப்பைத் தள்ளிவிடப் பார்த்துக் குடல் முறுக்கிப் பிசைகிறது. வாந்தியும், வந்து வந்து போகும் அந்தக் கொடிய வலியும் இந்தச் சுழற்சியின் விளைவு. சுழற்சியை எங்காவது ஓரிடத்தில் அறுத்துவிட்டால் நோயாளிக்கு மூச்சு வரும்.

மூக்குக் குழாயும் ட்ரிப்ஸும் இல்லாமலேயே மருந்துகளால் இந்த அவதியை அடக்க முடியும் என்று 1985-இல் லண்டன் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் மருத்துவர்கள் லான்செட் இதழில் காட்டினார்கள். பலெர்மோ அதை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. மரணத்தை நெருங்கிய புற்றுநோயாளிகளை வீடு தேடிச் சென்று கவனிக்கும் சாமோட் என்ற அமைப்பு அந்த நகரத்தில் இருக்கிறது. அதன் வழியே மெர்க்கதாந்தே வீடுகளுக்குப் போனார். வீட்டிலேயே வைத்துக் கவனிக்கப்பட்ட குடல் அடைப்பு நோயாளிகளிடம் கண்ட நான்காண்டு அனுபவத்தை 1995-இல் கட்டுரையாக வெளியிட்டார். சுரப்பைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடையும், பஸ்கோபான் என்று நாம் அறிந்த ஹயோசின் பியூட்டைல்புரோமைடையும் ஒப்பிட்ட ஆய்வு 2000-இல் வந்தது. அதில் ஆக்ட்ரியோடைடு பெற்றவர்களுக்கு வாந்தி விரைவாகக் குறைந்தது. 2004-இல் இன்னொரு ஆய்வு. குடலை இயக்கும் மருந்து, வீக்கம் குறைக்கும் டெக்சாமெத்தசோன், சுரப்பைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு மூன்றையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தபோது பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் குடல் மீண்டும் வழிவிட்டது.

இவை சிறிய ஆய்வுகள்தான். பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் சில கணக்குகளைத் திருத்தவும் செய்தன. 2015-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் எல்லா நோயாளிகளுக்கும் டெக்சாமெத்தசோனும் ரானிட்டிடினும் தரப்பட்டன. அவற்றோடு ஆக்ட்ரியோடைடு சேர்த்ததால் வாந்தியில்லாத நாட்கள் கூடவில்லை. ஆராய்ச்சி இப்படித்தான் தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்டு நடக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த முடிவில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. விலை அதிகமான ஆக்ட்ரியோடைடு கிடைக்கவில்லை என்பதற்காக ஒருவரைக் கைவிட வேண்டியதில்லை. டெக்சாமெத்தசோன், ஹயோசின், குமட்டலுக்கு ஹாலோபெரிடால், வலிக்கு மார்ஃபின். எல்லாம் பழைய, மலிவான மருந்துகள். வாய் வழியே விழுங்க முடியாதவருக்குத் தோலுக்கடியில் ஒரு சின்னப் பட்டாம்பூச்சி ஊசியைச் செருகி, அதன் வழியாகவே இவற்றில் பெரும்பாலானவற்றைச் செலுத்தலாம். இதற்கு அறுவை அரங்கு வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும், போனில் கிடைக்கும் ஒரு மருத்துவரும் போதும்.

கணையப் புற்றிலும் இதே கதைதான். கணையத்துக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. மேல் வயிற்றின் வலியை மூளைக்குச் சொல்லும் பாதை அது. அங்கே ஆல்கஹாலைச் செலுத்தி அந்தப் பாதையை முடக்கினால் வலி தணிகிறது, மார்ஃபின் தேவையும் குறைகிறது, மார்ஃபினால் வரும் மலச்சிக்கலும் குறைகிறது. 1993-இல் மெர்க்கதாந்தே இதை ஆய்வாக வெளியிட்டார். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை நடத்தி 2004-இல் வெளியான ஆய்வு, இந்த ஊசியால் ஆயுள் கூடாவிட்டாலும் வலி குறைகிறது என்று உறுதிப்படுத்தியது. நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளில் இதைச் செய்யத் தெரிந்த மயக்க மருத்துவர்கள் இருக்கிறார்கள். நோயாளி அவர்களிடம் போய்ச் சேர்வதுதான் இல்லை.

ஏன் போய்ச் சேர்வதில்லை? முதல் காரணம், புற்றுநோய் ஆராய்ச்சி எதை அளக்கிறதோ அதைத்தான் மருத்துவமனையும் மதிக்கிறது. 2022-இல் உலகம் முழுவதும் உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல், ஈரல், கணையப் புற்றுகளால் இறந்தவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். சென்னை ஆண்களிடம் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கும் புற்று. இவர்களுக்காக நடக்கும் மருந்து ஆய்வுகள் பெரும்பாலும் ஆயுள் எத்தனை மாதம் கூடியது என்று எண்ணுகின்றன. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் கணையப் புற்றுக்காரர்களுக்கு வழக்கமான ஜெம்சிட்டபினோடு எர்லோட்டினிப் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். இடைநிலை ஆயுட்காலம் 5.91 மாதத்திலிருந்து 6.24 மாதமாக உயர்ந்தது. பத்து நாள். அந்தப் பத்து நாளுக்காக அந்த மருந்துக்கு அனுமதியும் கிடைத்தது. அந்தப் பத்து நாளில் நோயாளி தூங்கினாரா, ஒரு வாய் கஞ்சி இறங்கியதா என்பது தலைப்பு எண்ணிக்கையில் வரவில்லை.

இத்தனைக்கும் ஜெம்சிட்டபினே வேறு கேள்வியைக் கேட்டுத்தான் வந்தது. 1997-இல் வெளியான அதன் ஆய்வு, வலி குறைந்ததா, நடமாட்டம் கூடியதா, எடை ஏறியதா என்பவற்றை முதன்மை அளவுகோலாக வைத்திருந்தது. பழைய மருந்து பெற்றவர்களில் நூற்றில் ஐந்து பேருக்கு அந்தப் பலன் கிடைத்தது. ஜெம்சிட்டபின் பெற்றவர்களில் ஏறக்குறைய இருபத்துநான்கு பேருக்கு. நோயாளி எதைக் கேட்பாரோ அதையே ஆராய்ச்சியும் கேட்டது. பிறகு அந்தப் பாதை குறுகிவிட்டது. குடல் அடைப்பு உள்ளவர்களையும் படுக்கையில் விழுந்தவர்களையும் பெரும்பாலான கீமோ ஆய்வுகளில் சேர்ப்பதே இல்லை. யாருக்கு விடை அவசரமாக வேண்டுமோ அவரைப் பற்றிய விடை அதனால்தான் மெதுவாக வருகிறது.

இரண்டாவது காரணம் நம்முடையது. அது மார்ஃபின்.

மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் அபினிச் செடி பயிரிடுகிறார்கள். அந்த அபினி அரசு ஆலைகளுக்குப் போகிறது, வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. நம் மண்ணில் விளைந்தது யாரோ ஒருவரின் வலியைத் தீர்க்கிறது. நம் வீட்டில் இருப்பவருக்கு அது எட்டவில்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரனைப் பிடிக்க வந்தது. மருந்தகத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. ஒரே மருந்துக்குப் பல உரிமங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகத்தில், ஒன்று வரும் முன் இன்னொன்று காலாவதி. பிசகினால் சிறை. மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டன. 1985-க்கும் 1997-க்கும் இடையில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்தது. 1997-இல் இந்தியா முழுவதற்கும் 18 கிலோ!

பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபின் சீட்டு எழுதாமலேயே படித்து வெளியே வந்தார்கள். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்ற தணிப்புச் சிகிச்சை மருத்துவர்கள் விடாமல் போராடியதால் 2014-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனத்துக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒரே அனுமதி போதும். சட்டத்தின் பூட்டு திறந்து பத்து ஆண்டுக்கு மேலாகிறது. மனத்தின் பூட்டு திறக்கவில்லை. 2017-இல் லான்செட் ஆணையம் வெளியிட்ட கணக்கில், வலித் தணிப்புக்குத் தேவையான மார்ஃபின் வகை மருந்தில் இந்தியாவுக்குக் கிடைத்தது நூற்றில் நான்கு பங்கு. மேற்கு ஐரோப்பாவுக்குத் தேவையைப் போல எட்டு மடங்குக்கு மேல்.

“அடிமையாகிவிடுவாரே” என்ற பயம் மருத்துவரிடமும் இருக்கிறது, வீட்டாரிடமும் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வகை மருந்துகளால் லட்சக்கணக்கானோர் இறந்ததை நாம் மறைக்கவில்லை. அங்கே நிறுவனங்கள் சாதாரண முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் இவற்றைக் கூவி விற்றன, கண்காணிப்பு தூங்கியது. முற்றிய புற்றுநோயாளிக்கு அளவு பார்த்து, கணக்கு எழுதி, வாய் வழியே கொடுக்கும் மார்ஃபின் வேறு. பக்கத்து மாநிலத்தைப் பார்த்தாலே போதும். 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறிய வலி நிவாரணக் கிளினிக்காகத் தொடங்கியது, ஊர் ஊராகத் தொண்டர்களின் வலையாகப் பரவியது. 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாக ஏற்றது. நம்மைப் போன்ற வருமானம், நம்மைப் போன்ற வீடுகள், நம்மைப் போன்ற மருத்துவர்கள். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

இத்தாலியும் இதைச் சட்டமாகவே செய்தது. 2010 மார்ச் 15-ஆம் தேதியிட்ட 38-ஆம் எண் சட்டம், தணிப்புச் சிகிச்சையையும் வலி நிவாரணத்தையும் குடிமக்களின் உரிமை என்றது. நோயாளியின் வலி எவ்வளவு, என்ன மருந்து கொடுக்கப்பட்டது, பலன் என்ன என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதியே ஆக வேண்டும் என்றது. எழுதாத வலியை யாரும் பார்ப்பதில்லை என்று அந்தச் சட்டத்தை இயற்றியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பலெர்மோ தமிழர்களுக்கு அந்நிய ஊரும் அல்ல. இலங்கைத் தமிழர்கள் பல்லாயிரம் மைல் தாண்டி அங்கே குடியேறியிருக்கிறார்கள். 1624-இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்று சிசிலியர்கள் போற்றும் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, மோந்தே பெல்லெக்ரீனோ மலையேறி இந்துத் தமிழரும் கத்தோலிக்கத் தமிழரும் சேர்ந்தே போகிறார்கள். அவர்களில் பலர் அங்கே செய்யும் வேலை, சிசிலியர்களின் வீடுகளில் முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்வது. அங்கே ஒரு தமிழ்ப் பெண் பராமரிக்கும் இத்தாலியப் பாட்டிக்கு வலி வந்தால் அதைத் தணிக்கச் சட்டம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் அண்ணன் யாழ்ப்பாணத்திலோ, அவளுடைய பெரியம்மா மகன் திருச்சியிலோ அதே நோயில் படுத்தால் என்ன இருக்கிறது? 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. நம் மக்களுக்கு மனம் இருக்கிறது. அந்த மனம் கடைசி நாட்களின் வலி வரைக்கும் நீள வேண்டும்.

தமிழ்நாட்டில் அடித்தளம் இருக்கிறது என்பதே நம் ஆதங்கத்தைக் கூட்டுகிறது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் வி. சாந்தாவின் ஆயுள் முழுவதையும் வாங்கிக்கொண்டு வளர்ந்து நிற்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம், படுக்கையில் கிடப்பவரின் வீட்டு வாசலுக்கே தணிப்புச் சிகிச்சைச் செவிலியரை அனுப்புகிறது. அவர் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார், குழாயை மாற்றுகிறார், ஆறுதல் சொல்கிறார். அவர் பின்னால் மார்ஃபின் எழுதும் மருத்துவரும், மார்ஃபின் இருக்கும் மருந்தகமும் ஒவ்வொரு வட்டாரத்திலும் நிற்கின்றனவா? அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

நாம் கேட்பவை எளியவை. ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் 2014 திருத்தத்தின்படி அங்கீகாரம் பெற வேண்டும். வாய்வழி மார்ஃபின் ஒருநாளும் தீராமல் இருக்க வேண்டும். மாவட்ட வாரியாக மாதம் எத்தனை மார்ஃபின் மாத்திரை நோயாளிக்குப் போனது என்று அரசு வெளியிட வேண்டும். பூஜ்யம் காட்டும் மாவட்டம் வெட்கப்படட்டும். புற்றுநோய் வார்டில் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் எழுதுவதுபோல வலியின் அளவையும் எழுத வேண்டும். தணிப்புச் சிகிச்சைச் செவிலியர்களுக்குக் குடல் அடைப்பை வீட்டிலேயே சமாளிக்கும் பயிற்சியும், தோலடி ஊசிக்கான பொருட்களும் தரப்பட வேண்டும். முற்றிய கணையப் புற்று உறுதியான அன்றே நோயாளி வலி மருத்துவரையும் பார்க்க வேண்டும். கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது.

ஆராய்ச்சியாளர்களிடமும் கேட்கிறோம். நம் நோயாளிகளை வைத்து நடக்கும் ஒவ்வொரு வயிற்றுப் புற்று ஆய்வும் ஆயுள் மாதங்களோடு வாந்தியில்லாத நாட்களையும், வலியில்லாத இரவுகளையும் எண்ணட்டும். நெறிமுறைக் குழுக்கள் அதைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம். நம் சோற்றுக்கும், நம் வீட்டுக்கும், நம் செவிலியர்களுக்கும் பொருந்தும் சிகிச்சை முறைகளை நாமே சோதித்தறிய வேண்டும். பலெர்மோவில் ஒரு மருத்துவர் வீடு வீடாகப் போய், கையில் கிடைத்த மருந்துகளை வைத்துத் தொடங்கினார். பெரிய நிறுவனத்தின் பணத்துக்காக அந்தக் கேள்வி காத்திருக்கவில்லை.

“இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல” என்ற வாக்கியம் மருத்துவத்தில் பொய். புற்றுக்கு எதிராகச் செய்ய ஒன்றும் இல்லாமல் போகலாம். நோயாளிக்காகச் செய்ய எப்போதும் இருக்கிறது. அந்த நெசவாளி கேட்டது ஆயுளை அல்ல. நாற்காலியை விட்டு இறங்கி, தன் பாயில் ஒரே ஒரு இரவு நிமிர்ந்து படுத்துத் தூங்க வேண்டும் என்றுதான் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கான மருந்தின் விலை சில ரூபாய். அது எங்கே கிடைக்கும் என்று அந்த வீட்டுக்குச் சொல்ல ஓர் ஆளில்லை. இந்த வாரமும் ஏதோ ஒரு தெருவில் இன்னொரு மகன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பான். அவனுக்கு மருந்து கிடைக்க வேண்டும்.